மேல் ஈறு

கிள்ளாதீங்க தம்பி, கிள்ளாதீங்க. அந்தத் தோலு தானா உரிஞ்சு விழுந்துரும். நீங்க பிச்சீங்கன்னா எரியும், அப்புறம் புள்ள பால் குடிக்காது.

முன்னப்பின்ன தெரியாதவன் பட்டுன்னு சொல்லிட்டானேன்னு நினைக்காதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வர்றேன். நீங்க மடியில கெடக்குற புள்ளையோட மேலுதட்டையே பாக்குறீங்க, நகத்தால தடவுறீங்க. முன்னாடி லேடீஸ் சீட்டுல இருந்து உங்க வீட்டம்மா நிமிசத்துக்கொருக்கா திரும்பித் திரும்பிப் பாக்குது. என்னா, மதுரை ஆஸ்பத்திரிக்கா? இந்தக் கொப்புளத்துக்கா? சரி, போங்க. காட்டுங்க. காட்டிக் கேட்டுக்கிறது எப்பவும் நல்லதுதான். ஆனா டாக்டர் சிரிப்பாரு, இப்பவே சொல்லிட்டேன். பால் சப்பிச் சப்பி வர்ற கொப்புளம் தம்பி அது. வலிக்காது. மருந்தும் கிடையாது. மம்பட்டி புடிச்சா நமக்குக் கை காய்ச்சுப் போகுதுல்ல? இதுக்கு இந்த வயசுல உதட்டாலதான் உழைப்பு.

டாக்டரெல்லாம் இல்ல தம்பி, கேலி பண்ணாதீங்க. கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். பேரு சோலைராசு, திருமங்கலம். இதெல்லாம் எப்படித் தெரியும்னா, எனக்கும் ஒரு மருமக இருக்கா. தங்கச்சி மக. நான்தான் தாய்மாமன். இப்ப அவளப் பாத்துட்டுத்தான் வர்றேன்.

இடுப்புக் கயித்த மாட்டிக்கிட்டு கம்பத்துல ஏறுறவன் நான். மழை காத்துன்னு ஊரே கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கும், நான் உச்சியில தொங்கிக்கிட்டு இருப்பேன். பயம்னா என்னான்னு எனக்குத் தெரியாது. எதுக்குச் சொல்றேன்னா, பின்னால நான் சொல்றதக் கேட்டுட்டு நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது பாருங்க.

தங்கச்சி பேரு பாண்டீஸ்வரி. அவ சின்னப் புள்ளையா இருக்கும்போதே எங்க அப்பா அம்மா ஒருத்தர் பின்னால ஒருத்தரா போய்ச் சேந்துட்டாங்க. நான்தான் வளத்தேன். தலை பின்னி விட்டதே நான்தான்னா நம்புவீங்களா? சடை ஒண்ணு கிழக்க பாக்கும், ஒண்ணு மேக்க பாக்கும். அதோடயே பள்ளிக்கூடம் போவா. பக்கத்து வீட்டக்கா மாத்திப் பின்னி விடுறேன்னு கூப்புட்டா, 'வேணாம், இது எங்கண்ணன் பின்னுனது'ம்பாளாம். அப்படியாப்பட்ட கழுத அது.

கல்யாணம் பண்ணிக் குடுத்தேன். மாப்ள தங்கமாரி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல டயர் கடை. தங்கமான மனுசன். புள்ள மட்டும் நிக்கல. போகாத கோயிலில்ல, பாக்காத டாக்டரில்ல. ஒரு விசேச வீட்டுக்கு வரமாட்டா, எவளாச்சும் 'விசேசம் இல்லையா'ன்னு கேட்ருவாளுகன்னு. அப்படி வருசக்கணக்கா காத்துக் கெடந்து உண்டாச்சு. வளைகாப்பு முடிச்சு நான் போய்க் கூட்டியாந்தேன். தலப்பிரசவம்னா பொறந்த வீட்டுலதானே? அவளுக்குப் பொறந்த வீடுன்னா நான்தான். நான் ஒருத்தன்தான். அத மனசுல வச்சுக்கங்க.

ஐப்பசியில பொறந்தா புள்ள. ஆதிரைன்னு பேரு. சேனை தொட்டு வச்சதும் நான்தான். யாரு சீனித்தண்ணிய நாக்குல தொட்டு வைக்கிறாங்களோ, அவுக கொணம்தான் புள்ளைக்கு வரும்னு சொல்லுவாங்கல்ல? பெரிய மனுசங்க எத்தனையோ பேரு நின்டாங்க. 'எங்கண்ணன் வைக்கட்டும், எங்கண்ணன் தைரியம் வரட்டும்'னு படுத்துக்கிட்டே சொன்னா. எனக்கு அழுகை வந்துருச்சு. வெளிய போய் நின்டுக்கிட்டேன்.

அந்தப் புள்ளைக்குத்தான் இதே மாதிரி மேலுதட்டுல கொப்புளம் வந்துச்சு. இதே எடம். நடு உதடு. என் வீட்டுக்காரி செல்வராணி, 'சூடா எதையும் பொகட்டிட்டாளா'ன்னா. பாண்டீஸ்வரிக்கு மொகம் சுண்டிப் போச்சு. நான் ஒரு நிமிசம் யோசிக்கல தம்பி. செருப்பக் கூட மாட்டாம ஆட்டோவப் புடிச்சு டாக்டர்ட்ட ஓடுனேன். அவரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, இப்ப நான் உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, அதத்தான் சொன்னாரு. 'நீங்க புள்ளையோட அப்பாவா'ன்னு வேற கேட்டாரு. இல்ல சார், மாமன்னேன். அன்னிக்குத் தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம நிறுத்தி நிறுத்தி, 'பால் குடிக்கிற கொப்புளம்ப்பா இது'ன்னு காட்டுனேன். என்னமோ நான் போட்டு விட்ட மாதிரி.

அதோட நின்டிருந்தா இந்தக் கதையே கிடையாது.

என் மாமியா வந்தாங்க, உசிலம்பட்டியில இருந்து. புள்ள பெத்தவளுக்குன்னு பூண்டு, பால்சுறாக் கருவாடுன்னு பை நெறைய. நல்ல மனுசிதான், குத்தம் சொல்லல. ஆனா வாய் இருக்கே வாய். பாண்டீஸ்வரி குளிக்கப் போயிருந்தா. புள்ள வீல்னு அழுதுச்சு. தூக்குன மாமியா அப்படியே புள்ளைய வெளிச்சத்துக்குத் திருப்பி, 'ஏத்தா செல்வராணி, இங்கிட்டு வா, இதப் பாரு'ன்னாங்க. நானும் எட்டிப் பாத்தேன். மேல் ஈறுல வெள்ளையா ரெண்டு புள்ளி. ரவை ரெண்ட ஒட்ட வச்ச மாதிரி.

'மேல்பல்லுல்ல மொளைக்குது! மொதப் பல்லு மேல வந்தா தாய்மாமனுக்கு ஆகாதேடி'ன்னாங்க. ஊருக்கே கேக்குற மாதிரி. எங்க வீட்டுக் குளிக்கிற ரூமுக்குத் தகரக் கதவு. உள்ள தண்ணி ஊத்துற சத்தம் டக்குன்னு நின்டு போச்சு. நான் அப்ப அதக் கவனிக்கல தம்பி. இப்ப நினைக்கிறப்பத்தான் கேக்குது.

நான் சிரிச்சேன். சத்தியமாச் சிரிச்சேன். 'மாசம் ஒண்ணு ஆகல, பல்லாம்ல பல்லு'ன்னு சொல்லிட்டு, சட்டைய மாட்டிக்கிட்டு டூட்டிக்குப் போய்ட்டேன். எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது.

அன்னிக்குக் கம்பத்துல ஏறல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. முட்டி வலி. கூட வேலை பாக்குற சந்தானத்த ஏறச் சொன்னேன். மறுநாளும் அவனத்தான் ஏறச் சொன்னேன். அதுக்கு மறுநாள், வேற வழியில்லாம நான் ஏற வேண்டியதாப் போச்சு. லைன் ஆஃப் பண்ணியாச்சான்னு கேட்டேன், பண்ணியாச்சுன்னாங்க. பாதிக் கம்பத்துல நின்டு இன்னொருக்கா போனப் போட்டுக் கேட்டேன். உச்சிக்குப் போயி இன்னொருக்கா. கீழ இருந்து சந்தானம், 'என்னண்ணே, பொண்ணு பாக்கவா போறீங்க, இம்புட்டு யோசிக்கிறீங்க'ன்னு நக்கலடிக்கிறான். ஜாக்கிரதையா இருக்கிறது தப்பா தம்பி? சொல்லுங்க.

வீட்டுல செல்வராணி ஒரே அழுகை. கோயிலுக்குப் போயி கயிறு மந்திரிச்சாந்து கட்டி விட்டா. இந்தா, இன்னும் கெடக்கு பாருங்க. நான் நம்பல. ஆனா பொம்பள அழுதா நம்ம என்னா செய்றது? அவதான் சொன்னா, 'கொஞ்ச நாளைக்குப் புள்ளையத் தூக்காதீக'ன்னு. சரி, அவ மனசுக்காகன்னு தூக்கல. பாண்டீஸ்வரி கொண்டாந்து நீட்டுவா. 'கையெல்லாம் கிரீசு ஆத்தா'ன்னு சொல்லிருவேன். மறுநாள் நான் வாசல்ல வண்டிய நிப்பாட்டுறேன், ஒரு செம்புத் தண்ணியும் சோப்பும் எடுத்து வச்சுக்கிட்டு நிக்கிறா. 'கழுவிட்டுத் தூக்குண்ணே, உன் சத்தம் கேட்டாத்தான் அழுகைய நிறுத்துறா'ங்கிறா. நான் கையக் கழுவுனேன். நல்லா நுரை போட்டுக் கழுவுனேன். கழுவிட்டு, போன் வருதுன்னு சொல்லிட்டு வெளிய போய்ட்டேன்.

போன் வரல தம்பி.

அதே டாக்டர்கிட்டக் காட்டியிருக்கலாமேன்னுதானே பாக்குறீங்க? நியாயம்தான். கொப்புளத்துக்குச் செருப்பில்லாம ஓடுனவன் இதுக்கு ஏன் ஓடல? அதான்... டூட்டி இருந்துச்சு. மழைக் காலம், அங்க ஒயர் அந்து விழுந்துருச்சு, இங்க மரம் சாஞ்சுருச்சுன்னு ஒரே கம்ப்ளெய்ண்ட்டு. அதுபோக, கேட்டு வச்சு, ஆமா பல்லுதான்னு அவரு சொல்லிட்டாருன்னு வைங்க. அப்புறம்? தெரியாம இருக்குற வரைக்கும் பாதிப் பாரந்தானே?

பொறந்த வீட்டுல இருந்து புள்ளையோட அனுப்புறதுன்னா அஞ்சாம் மாசம், தொட்டிலு, அண்டா குண்டா, பலகாரம்னு சீர் செஞ்சு, சொந்தபந்தத்தோட போயி விட்டுட்டு வரணும். முறை அதுதான். நான் ரெண்டாம் மாசம் பொறக்குறதுக்குள்ள அனுப்பிட்டேன். நான் இல்ல, செல்வராணிதான் ஆரம்பிச்சா. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், சுண்ணாம்பு நெடி பச்சப் புள்ளைக்கு ஆகாதுன்னு. நான் பக்கத்துல நின்டு ஆமா ஆமான்னேன். வெளிய சோன்னு மழை பேயுது. கார்த்திகை மாசம்.

அவ வாதாடல. துணிய மடிச்சுக்கிட்டே, 'எந்த ரூம்ணே அடிக்கப் போறீங்க'ன்னு கேட்டா. எல்லா ரூமும்தான் ஆத்தான்னேன். 'நல்லா அடிங்கண்ணே. மழையில சீக்கிரம் காயாது, பாத்துக்கங்க'ன்னா. அம்புட்டுத்தான்.

கார்ல ஏறுனதும் கதவுக் கண்ணாடிய எறக்கி, புள்ளையத் துணியோட நீட்டி, 'ஒரு முத்தம் குடுத்து அனுப்புண்ணே'ன்னா. புள்ள தூங்குது. வாய் லேசாத் தொறந்திருக்கு. 'ராகு காலம் வரப்போகுது, கெளம்புங்க கெளம்புங்க'ன்னுட்டேன். டிரைவருக்குக் கைய வேற ஆட்டுனேன். அவ கண்ணாடிய ஏத்திக்கிட்டா.

வெள்ளையா? அடிக்கல. மழையில எவன் அடிப்பான்.

அப்புறம் அங்க தடுப்பூசி போடப் போன எடத்துல டாக்டரம்மா பாத்திருக்காங்க. மாப்ள போன் பண்ணுனாரு. 'மச்சான், அது பல்லு இல்லையாம். ஈறுல சின்னப் புள்ளைகளுக்கு அப்படி வெள்ளையா, முத்து மாதிரி வருமாம். தொட வேண்டாம், சொரண்ட வேண்டாம், கொஞ்ச நாள்ல தானா கரைஞ்சிரும்னுட்டாங்க. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு'ன்னாரு. பாருங்க தம்பி, நான் பல்லுன்னு ஒரு வார்த்தை அவருகிட்டச் சொன்னதில்ல. அவருக்கு எப்படித் தெரியும்? 'அப்படியா மாப்ள, நான் அதையெல்லாம் எங்க கண்டேன்'னு சொல்லி வச்சுட்டேன். வச்ச பெறகு காது ரெண்டும் தீயா எரிஞ்சுச்சு.

உடனே போயிருக்கணும். கெளம்பத்தான் நினைச்சேன். ஆனா அது பல்லு இல்லைன்னா, பல்லு இன்னும் வரலைன்னுதானே அர்த்தம்? எது மொதல்ல வரும்னு யாரு கண்டா? செல்வராணி அப்படித்தான் சொன்னா. நான் இல்ல. தையில ஒரே கல்யாணம் காச்சி, பங்குனியில அம்மன் கோயில் பொங்கல், அப்புறம் வெயில் காலத்துல டிரான்ஸ்பார்மர் வெடிக்குது. வேலை தம்பி, வேலை. ஆனா வாரம் தவறாம போன் பண்ணுவேன். புள்ள சொகமா, பால் குடிக்கிறாளா, குப்புற விழுகுறாளா, பல்லு வந்துருச்சான்னு கேப்பேன். எல்லா மாமனும் கேக்குறதுதானே? 'இன்னும் இல்லண்ணே'ம்பா. 'உடம்பப் பாத்துக்கண்ணே'ம்பா. வேற ஒண்ணும் பேச மாட்டா. முன்னயெல்லாம் போன எடுத்தா வைக்க மாட்டா.

போன வாரம் போட்டோ ஒண்ணு அனுப்பியிருந்தா. மூஞ்சி இல்ல. கையி காலு இல்ல. வெறும் வாய் மட்டும். கீழுதட்ட விரலால இழுத்துப் புடிச்சு எடுத்திருக்கா. கீழ் ஈறுல ரெண்டு பல்லு, அரிசி மாதிரி. கீழ ஒரு எழுத்து எழுதல. நான் அத செல்வராணிகிட்டக் காட்டுனேன், அவ கையெடுத்துக் கும்புட்டா. எனக்கு அன்னிக்கு வந்த பசி இருக்கே, ஒரு வருசமாச் சாப்புடாதவன் மாதிரி சாப்புட்டேன். கொலுசு, கவுனு, பழம், பூவுன்னு வாங்கிக் குவிச்சு, இன்னிக்குக் காலையில பஸ் ஏறிட்டேன். மனசுக்குள்ள ஒரே எண்ணம். ஆவணியில காதுகுத்து வைப்பாங்க. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? தேதியக் கேட்டுட்டு வந்துரணும்.

அவ வாசல்லயே நின்டா. 'வாண்ணே'ன்னா. சிரிச்சா. என்னைய ஒண்ணும் கேக்கல தம்பி. ஏன் வரல, எங்க போன, ஒண்ணுமில்ல. அடுப்புல எனக்குப் புடிச்ச மொச்சைக் கருவாட்டுக் கொழம்பு கொதிக்குது. சரி, எல்லாம் ஆறிப் போச்சுன்னு நினைச்சேன். கூடப்பொறந்தவல்ல, ரத்தம் விட்டுப் போகுமா?

புள்ள என்னையப் பாத்ததும் தாவுது. ஒரு அழுகை இல்ல, ஒரு மெரட்சி இல்ல. யாருகிட்டனாலும் பயமில்லாமப் போவாளாம். சேனை நான் வச்சதாச்சே. மடியில உக்காந்து மீசையப் புடிச்சு இழுக்குறா. எச்சில் ஒழுக ஒழுகச் சிரிக்கிறா. கீழ ரெண்டு பல்லும் தெரியுது. அம்மாடி, என் தங்கம்னு கொஞ்சுனேன். கன்னத்த வழிச்சு முத்தம் குடுத்தேன். பாண்டீஸ்வரி கதவுல சாஞ்சு பாத்துக்கிட்டு இருந்தா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு மோரு எடுத்தாரேன்னு உள்ள போனா.

அப்பத்தான்.

என் கை தம்பி. இந்தக் கை. நான் சொல்லல, அது பாட்டுக்குப் போச்சு. கட்டவிரல் புள்ளையோட மேலுதட்ட மெல்லத் தூக்குது. நான் குனிஞ்சு பாக்குறேன். வழவழன்னு ரோஸ் கலரா இருக்கு ஈறு. ஒரு புள்ளி இல்ல, ஒரு வெள்ளை இல்ல. அப்பாடான்னு மூச்சு விட்டேன். சத்தமா விட்டேன் போல. நிமுந்து பாத்தா, மோரு டம்ளரோட அவ நிக்கிறா.

கத்தியிருந்தா தேவலை. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் தேவலை. டம்ளரக் கீழ வச்சா. என் விரல மெதுவா எடுத்து விட்டா. புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, 'மேல்பல்லு இன்னும் வரலண்ணே. வந்தா போன் பண்றேன்'னா.

அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் எல போட்டா. சாப்புட்டேன். கொழம்பு ஊத்துனா, ரசம் ஊத்துனா, 'வெயிலுக்கு முன்ன கெளம்புண்ணே'ன்னா. கொலுச வாங்கி உள்ள வச்சா. மாட்டிப் பாக்கல. காதுகுத்து எப்பன்னு கேக்கத்தான் போனேன். யாரு மடின்னு கேக்க எனக்கு வாய் வரல தம்பி. திருமங்கலத்துல எறங்குனா செல்வராணி கேப்பா, தேதி கேட்டீகளான்னு. என்னத்தச் சொல்ல? மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்க?

எல்லாம் என் மாமியாவச் சொல்லணும். அந்தம்மா மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா... ம். என் விரல அந்தம்மாவா தூக்குச்சு. விடுங்க.

என்னா, வீட்டம்மா கூப்புடுதா? மேல இருக்குற பைய எடுக்கணுமா? எடுங்க. புள்ளையவா? என்கிட்டயா? வேணாம் தம்பி, அந்தா பின் சீட்டு அக்காட்டக் குடுங்க... அவுக தூங்குறாகளா. சரி, குடுங்க. கழுத்தத் தாங்கிக் குடுங்க. எனக்குப் புடிக்கத் தெரியும்.

சீக்கிரம் எடுத்துட்டு வாங்க தம்பி. புள்ளைக்குத் தூக்கம் வருது, கொட்டாவி விடப் போகுது. நான் வெளிய பாத்துக்கிட்டு இருக்கேன்.